ரிதம் சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

சென்ற மாதம் இந்தப் பகுதியில், மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பாருங்கள், துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் எழுதியவை. ஸ்ட்ரோக் வந்துவிட்டது, காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு என்று தெரிந்துவிட்டது, அடுத்து கத்தீட்டர் அப்லேஷன், அதாவது இதயத்துக்குள் குழாய் விட்டு அந்தத் துடிப்பைத் தடுக்கும் சிகிச்சை செய்யலாமா என்பதுதான் கேள்வி. என் தினசரி வேலையே இந்த அப்லேஷன்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஏழு வாரங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. இப்போது பெருமளவு தேறிவிட்டார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது என்று, ரத்த உறைவைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதய டாக்டர் அப்லேஷன் செய்துவிடலாம் என்கிறார். நரம்பியல் டாக்டர், "இப்போது என்ன அவசரம்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அப்லேஷன் செய்துவிட்டால் இனி ஸ்ட்ரோக் வராதுதானே?

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் இதயத்தைப் பார்த்துச் சொல்கிறார், இன்னொருவர் மூளையைப் பார்த்துச் சொல்கிறார். உங்கள் கடைசி வரிக்கு மட்டும் முதலிலேயே பதில்: "இனி வராது" என்று எந்த டாக்டராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு சின்னப் பை இருக்கிறது. மேலறை சுருங்காவிட்டால் அந்தப் பையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு இடது மேலறையில் உண்டாகும் ரத்தக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அந்தப் பையில்தான் இருக்கும். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக்.

அப்லேஷனில் நாங்கள் அந்தப் பையைத் தொடுவதே இல்லை. எங்கள் வேலை நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குள் வந்து சேரும் சிரைகளின் வாயில். 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசகேர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 45 நோயாளிகளிடம், இந்தத் தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடும் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று தேடினார்கள். 69 புள்ளிகள் கிடைத்தன. அவற்றில் 65 அந்தச் சிரைகளுக்குள் இருந்தன. இன்று வரை நாங்கள் செய்வதெல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிதான். சிரையின் வாயைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ வட்டமாகத் தழும்பு உண்டாக்கி, அங்கிருந்து வரும் மின்துடிப்பு மேலறைக்குள் நுழையாமல் தடுக்கிறோம். சில நேரம் சிரைக்குள் அந்தத் துடிப்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், மேலறையோ அமைதியாக நார்மல் ரிதத்தில் இருக்கும். தெருவில் கத்துகிறவன் வாயை மூட முடியாது, நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

சரி, ரிதம் சரியானால் ஸ்ட்ரோக் குறையுமா? 2020-ல் ஈஸ்ட்-ஏ.எஃப்.நெட் 4 என்ற ஆய்வு வெளிவந்தது. 2,789 பேர், எல்லாருமே ஃபிப்ரிலேஷன் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் இருந்தவர்கள். ரிதத்தைச் சீக்கிரமே சரிசெய்ய முயன்றவர்களிடம் இதயநோய் மரணம், ஸ்ட்ரோக், இதய பலவீனம் அல்லது மாரடைப்பு வகைக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகியவற்றின் மொத்தக் கணக்கு, ஆண்டுக்கு நூற்றுக்கு 3.9. வழக்கமான சிகிச்சையில் 5.0. அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்திருந்த 217 பேரைத் தனியாகப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் பெரிதாக, ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 217 என்பது சின்ன எண்ணிக்கை. தவிர, அந்த ஆய்வில் ரிதத்தைச் சரிசெய்தது பெரும்பாலும் மாத்திரைகள்தான். இரண்டு வருடத்தில் அப்லேஷன் வரை போனவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. முக்கியமான விஷயம், இரண்டு தரப்பிலும் அநேகமாக எல்லாரும் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்லேஷனை மட்டுமே எடுத்து மருந்தோடு ஒப்பிட்ட கபானா ஆய்வில், 2,204 பேர் கலந்துகொண்டும், மரணம், முடக்கிப்போடும் ஸ்ட்ரோக், கடும் ரத்தக்கசிவு, இதயம் நின்றுபோவது ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

அதனால் ஸ்ட்ரோக்கைத் தடுப்பதற்காக மட்டும் அப்லேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேறு காரணங்கள் இருந்தால் தாராளமாகச் சொல்வேன். படபடப்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி குறைந்திருப்பது இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் இன்னொன்றையும் பார்க்கிறேன். பிசியோதெரபி செய்ய எழுந்து நின்றாலே துடிப்பு 150-க்கு ஓடி, பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ரிதம் சரியானால் பயிற்சியே வேறு மாதிரி போகும். அப்பாவிடம் நேராகக் கேளுங்கள். "பலவீனமாக இருக்கிறது" என்று அவர் சொன்னால், அது கையின் பலவீனமா, மூச்சின் பலவீனமா என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஸ்ட்ரோக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஏழு வாரத்தில் அவசரமில்லை என்று நரம்பியல் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூளையில் பாதித்த இடம் ஆறிக்கொண்டிருக்கும். அப்லேஷனின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து நிறையக் கொடுப்போம், ஆறாத இடத்தில் ரத்தம் கசிய அது வழி செய்யலாம். நான் பொதுவாக மூன்று மாதம் ஆகட்டும் என்பேன். ஆனால் "வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவும் விடமாட்டேன். ஃபிப்ரிலேஷன் நாள்பட நாள்பட மேலறை பெரிதாகும், தழும்பு ஏறும், அப்லேஷன் பலிக்கும் வாய்ப்பு குறையும். அடுத்த தடவை போகும்போது இடது மேலறையின் அளவு என்ன, ஃபிப்ரிலேஷன் வந்துவந்து போகிறதா, அல்லது விடாமல் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்தார்களா என்பதையும் கேளுங்கள். ஃபிப்ரிலேஷன் இருப்பவருக்கு வரும் ஸ்ட்ரோக் எல்லாமே ஃபிப்ரிலேஷனால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான்கு வருடம் முன்பு எனக்குச் சின்ன ஸ்ட்ரோக் வந்தது. அப்லேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. படபடப்பே இல்லை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சும் நார்மல் என்கிறது. மாத்திரையால் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. இனி நிறுத்திவிடலாமா? வயது 71, பி.பி. உண்டு.

பதில்: நிறுத்தாதீர்கள்.

ஸ்ட்ரோக் அபாயத்தைக் கணக்கிட நாங்கள் ஒரு மதிப்பெண் போடுகிறோம். முன்பு ஸ்ட்ரோக் வந்திருந்தால் 2, 65 வயது தாண்டியதற்கு 1, பி.பி.க்கு 1. உங்களுக்கு இப்போதே 4. அப்லேஷன் செய்தால் இதில் ஒரு மதிப்பெண்ணும் குறையாது, அதற்கென்று அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2024-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: அப்லேஷனுக்குப் பிறகு மாத்திரை தொடர்வதைத் தீர்மானிப்பது ஸ்ட்ரோக் அபாயம்தான், ரிதம் இல்லை.

இது இன்று நேற்று தெரிந்த சங்கதி இல்லை. 2002-ல் அஃபர்ம் என்ற ஆய்வில் 4,060 பேரைப் பார்த்தார்கள். ரிதத்தை நார்மலாக வைத்திருக்க மருந்து கொடுத்த தரப்பில், ரிதம்தான் சரியாகிவிட்டதே என்று பலருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தினார்கள். பிறகு ஸ்ட்ரோக் வந்தவர்களைக் கணக்கெடுத்தால், பெரும்பாலானவர்கள் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்குக் கீழே, அதாவது மருந்து போதாமல் இருந்தவர்கள்.

அண்மையில் "அப்லேஷனுக்குப் பின் மாத்திரை தேவையில்லை" என்று செய்தி படித்திருப்பீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2025-ல் ஓஷன் என்ற ஆய்வு வந்தது. அப்லேஷன் வெற்றியாகி ஒரு வருடமாவது ஆன 1,284 பேரில் ஒரு பாதிக்கு அபிக்சபான் வகையைச் சேர்ந்த ரிவரொக்சபான், மறுபாதிக்கு ஆஸ்பிரின். மூன்று வருடத்தில் ஸ்ட்ரோக் வகைப் பாதிப்பு முறையே 0.8 சதவீதம், 1.4 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்கிற அளவுதான். நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி மதிப்பெண் 2.2. உங்களுக்கு ஸ்ட்ரோக் ஒன்றுக்கே 2 போய்விட்டது. அவர்களுக்குப் பொருந்துவதை அப்படியே எடுத்து உங்களுக்குப் போட மாட்டேன்.

படபடப்பு இல்லை என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. அப்லேஷனுக்குப் பிறகு திரும்ப வரும் ஃபிப்ரிலேஷன் பல பேருக்குத் தெரிவதே இல்லை, முன்பு நன்றாக உணர்ந்தவர்களுக்கும் கூட. வாட்ச் தூக்கத்தில் கழன்று கிடந்த நேரத்தை யார் பார்த்தது?

ஈறில் ரத்தம் வருவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதலில் பல் டாக்டரிடம் போங்கள், பாதிப் பேருக்குக் காரணம் ஈறிலேயே இருக்கும். அப்புறம் உங்கள் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய சீட்டிலிருந்து ஆஸ்பிரின் இன்னும் தொடர்கிறதா? மூட்டு வலிக்கு ஏதாவது போடுகிறீர்களா? இந்த மாத்திரையோடு அவை சேர்ந்தால் ரத்தம் வரத்தான் செய்யும். ஸ்டென்ட் போன்ற தனிக் காரணம் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் பெரும்பாலும் தேவையில்லை, உங்கள் டாக்டரைக் கேட்டு அதை நிறுத்தலாம். மாத்திரைக்குப் பதிலாக ஆஸ்பிரின் மட்டும் போதாதா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அவெரோஸ் ஆய்வில் அபிக்சபானோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, ஆண்டுக்கு ஸ்ட்ரோக் 1.6 சதவீதத்துக்கு எதிராக ஆஸ்பிரினில் 3.7 சதவீதம். கடும் ரத்தக்கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் அப்லேஷன். தொடை வழியாகக் குழாய் விடுவார்களாம். அதைச் செய்யும்போதே ஸ்ட்ரோக் வரலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஒரு முறை பட்டுவிட்டோம், எனக்குத் தூக்கமே வரவில்லை டாக்டர்.

பதில்: அம்மா, அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அப்லேஷனின்போதோ அதையொட்டியோ ஸ்ட்ரோக் வருவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து அழுத்துவது நூற்றில் ஒருவருக்கு நேரலாம், பெரும்பாலும் அங்கேயே ஊசி வைத்து எடுத்துவிடுவோம். இவை குறைவாக இருப்பதற்குக் காரணம், செய்வதற்கு முன்னால் பார்க்கும் சில வேலைகள்.

முதலாவது, அந்தப் பையைப் பார்ப்பது. உணவுக்குழாய் வழியாக எக்கோக் குழாயை இறக்கினால் இடது மேலறை மிக அருகில் தெரியும். ஸ்ட்ரோக் வந்தவர்களின் பைக்குள் சில நேரம் ரத்தம் சாம்பல் நிறத்தில் சுழன்று சுழன்று நகரும். நாங்கள் அதைப் 'புகை' என்போம். நிற்கப்போகிற ரத்தத்தின் தோற்றம் அது. புகைக்கு நடுவே அசையாமல் ஒரு வெள்ளைப் பொட்டு நின்றால், அது கட்டி. அன்றைக்கு அப்லேஷன் கிடையாது. மாத்திரையைச் சரியாகக் கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். உங்கள் கணவரைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், உங்கள் தூக்கத்துக்காகத்தான் அனுப்புகிறார்கள். அவருக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேனிலோ, இதயத்துக்குள்ளேயே விடும் எக்கோவிலோ பார்க்கலாம்.

இரண்டாவது, மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது. "ஆபரேஷன்தானே, ரத்தம் போகுமே" என்று வீட்டிலேயே நாலு நாள் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. கம்பேர் என்ற ஆய்வில் வார்ஃபரினை நிறுத்தி ஊசிக்கு மாற்றியவர்களுக்கு ஸ்ட்ரோக் வகைப் பாதிப்பு 4.9 சதவீதம் வந்தது. நிறுத்தாமல் செய்தவர்களுக்கு 0.25 சதவீதம். எந்த வேளை மாத்திரையை எடுப்பது, எதை விடுவது என்று உங்கள் டாக்டர் சொல்வார். அவர் சொல்லாமல் ஒரு வேளையும் விடக் கூடாது. உள்ளே குழாய் இருக்கும் நேரம் முழுவதும் ஹெப்பாரின் ஓடும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அடிக்கடி சோதித்து 300 வினாடிக்கு மேல் வைத்திருப்போம்.

மூன்றாவது பலர் செய்வதில்லை, நான் வற்புறுத்துவேன். மயக்கம் கொடுப்பதற்கு முன் அவரைச் சிரிக்கச் சொல்லி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஒரு வாக்கியம் பேசச் சொல்லிக் குறித்து வைக்க வேண்டும். பழைய ஸ்ட்ரோக்கின் பலவீனம் மயக்கம் தெளியும்போது சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். காலையில் வாய் எவ்வளவு கோணியிருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான், மாலையில் தெரிவது பழையதா புதியதா என்று சொல்ல முடியும். நீங்களும் கூடவே நின்று பாருங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: அப்லேஷன் முடிந்து மூன்று வாரம். நேற்று மறுபடி படபடப்பு, இ.சி.ஜி.யில் ஃபிப்ரிலேஷன். தோல்வியா?

பதில்: இப்போது சொல்ல முடியாது. சுட்ட இடம் வீங்கி ஆறும் காலம் இது. முதல் இரண்டு மூன்று மாதத்தில் வருவதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. பிறகும் வந்தால், இரண்டாவது முறை செய்ய வேண்டியிருக்கலாம், அது அபூர்வமும் இல்லை.

ஆனால் உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அப்லேஷன் ஆகி ஒரு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது நெஞ்சு வலி, கை கால் புதிதாகத் தளர்வது, இவற்றில் ஏதாவது வந்தால் அப்லேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே உடனே போங்கள். இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருக்கிறது. சூடு அங்கே எட்டி, இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுவது மிக மிக அரிது, பல ஆயிரத்தில் ஒருவர். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் வரும் தளர்ச்சியைப் பார்த்து, "பழைய ஸ்ட்ரோக் ஆள்தானே, திரும்ப வந்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். "எனக்கு அப்லேஷன் ஆகியிருக்கிறது, முதலில் நெஞ்சு சி.டி. எடுங்கள், எண்டோஸ்கோபி வேண்டாம்" என்று நீங்களோ கூட வருபவரோ சொல்ல வேண்டும். எண்டோஸ்கோபியில் செலுத்தும் காற்று அந்த ஓட்டை வழியாக மூளைக்குப் போய்விடும்.

கேள்வி: சூடு, குளிர், பல்ஸ்டு ஃபீல்டு என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: சூட்டையும் குளிரையும் 2016-லேயே ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசமில்லை. பல்ஸ்டு ஃபீல்டு மின்துடிப்பால் பெரும்பாலும் இதயத் தசையின் செல்லைக் குறிவைக்கிறது, உணவுக்குழாயை அவ்வளவாகத் தொடாது, வேகமாகவும் முடிகிறது. 2023-ல் வந்த ஒப்பீட்டில் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. கருவியைக் கேட்பதைவிட, செய்யப்போகிறவர் அதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: அம்மாவுக்கு மாத்திரையால் மூளையில் ரத்தக்கசிவு வந்துவிட்டது. இனி மாத்திரையே கூடாது என்கிறார்கள். அப்லேஷன் செய்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா?

பதில்: இல்லை. அப்லேஷன் செய்தால் குறைந்தது இரண்டு மாதமாவது மாத்திரை கட்டாயம். சுட்ட இடத்தில் ரத்தம் கட்டும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். மாத்திரையே எடுக்க முடியாதவருக்கு அப்லேஷன் தீர்வாகாது.

அம்மாவுக்குக் கேட்க வேண்டியது வேறொரு சிகிச்சை. அந்தப் பையின் வாயைக் குடை போன்ற கருவியால் அடைத்துவிடுவது. 2024-ல் வெளிவந்த ஆப்ஷன் ஆய்வில் அப்லேஷன் செய்த 1,600 பேரில் ஒரு தரப்புக்குப் பையை அடைத்தார்கள், மறு தரப்பு மாத்திரையைத் தொடர்ந்தது. மூன்று வருடத்தில் மரணம், ஸ்ட்ரோக் போன்றவை இரண்டிலும் ஏறக்குறைய சமம், 5.3, 5.8 சதவீதம். சிகிச்சை செய்ததால் வந்ததைக் கழித்துப் பார்த்தால் ரத்தக்கசிவு பையை அடைத்தவர்களுக்கு 8.5 சதவீதம், மாத்திரைத் தரப்பில் 18.1. ஆனால் அவர்கள் மாத்திரை எடுக்கக்கூடியவர்கள். அம்மாவுக்குக் கருவி வைத்த பிறகு சில காலம் எந்த மருந்து, எவ்வளவு என்பதை நரம்பியல் டாக்டரும் இதய டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் நடுவில் அலையாதீர்கள். கசிவு எந்த இடத்தில், பி.பி. அப்போது எவ்வளவு என்பதும் முக்கியம். சிலருக்கு மாத்திரையைப் பிறகு திரும்பத் தொடங்கவும் முடியும்.

கேள்வி: அண்ணனுக்கு 54 வயது, போன வருடம் ஸ்ட்ரோக். தினமும் குடிக்கிறார், பருமன் வேறு. "அப்லேஷன் செய்துவிட்டால் சரியாகிவிடும், அதுவரை என்னை விடு" என்கிறார். செய்துவிடலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் குடித்துக்கொண்டே இருந்தால் நானே மறுபடி செய்ய வேண்டி வரும். 2020-ல் ஃபிப்ரிலேஷன் உள்ள, ஓரளவு குடிக்கும் 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது, தொடர்ந்தவர்களில் 73 சதவீதம். ஊசி இல்லை, குழாய் இல்லை, இருந்தும் இவ்வளவு வித்தியாசம். எடையும் பி.பி.யும் அதே மாதிரிதான். முதலில் அவற்றில் கை வைக்கட்டும். மாத்திரையை அவர் ஒழுங்காக எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அபிக்சபான் வகை என்றால் ஒரு நாள் விட்டாலே காப்பு போய்விடும், குடிக்கிற நாளில்தான் மறக்கும்.

குறட்டை பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அப்லேஷனுக்கு முன்பே அதற்குச் சோதனை செய்ய வேண்டும். அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள்.